கரிசலில் நான்கு நாள்

முதல் நாள், 2025 அக்டோபர் 10, வெள்ளி

நெல்லை எக்ஸ்பிரஸில் திண்டுக்கல் தாண்டியதிலிருந்து தூக்கம் இல்லை. மதுரையில் அவள் ஏற வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் இந்த நான்கு நாளும் அவள் சிநேகிதிதான். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை, அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வேறு வேறு ஊர், ஆனால் பேசாமல் போன வாரம் என்று ஒன்று கிடையாது. அப்படி இருந்தவர்கள் கடைசி இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது. அது என்ன என்பதை நாளை மறுநாள் எழுதுகிறேன், அன்றைக்குத்தான் அந்த ஊருக்குப் போகிறோம்.

எப்படி மறுபடி பேசினோம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 27 ராத்திரி கரூர் கூட்ட நெரிசல் செய்தி வந்துகொண்டிருந்தது. டிவியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது (கடைசியில் 41 பேர்). என் தம்பி குடும்பத்தோடு கரூரில் இருக்கிறான், அவன் ஃபோன் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. அந்த நேரத்தில் பெயர் இல்லாத ஓர் எண்ணிலிருந்து ஒரு வரி: "தம்பி கரூர்லதான இருக்கான்? பத்திரமா இருக்கானாட்டி?" பெயரை நான் அழித்திருந்தேன். எண்ணை எங்கே அழிப்பது, அது மனப்பாடம். தம்பி ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு மொட்டை மாடியில் இருந்திருக்கிறான். அதைச் சொல்வதற்காக அவளைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். யார் காரணம், யார் என்ன அறிக்கை விட்டார்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் ஆரம்பிக்கவில்லை. வைக்கும் முன் அவள்தான் கேட்டாள், "இடைசெவல் போணும்னு விடுதியில சொல்லிக்கிட்டே இருந்தோம்ல, போவமா?"

மதுரையில் ரயில் நின்றதும் கதவருகே போய் நின்றேன். கையில் ஒரு பிளாஸ்க், தோளில் பை, முன்னுச்சியில் நரை. என்ன சொல்ல வேண்டும் என்று சென்னையிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "தள்ளி உக்காருட்டி, சுக்குக் காபி ஆறிரும்" என்றாள். அவ்வளவுதான்.

கோவில்பட்டியில் இறங்கி, குளித்து, டவுன் பஸ் பிடித்து இடைசெவல். திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர், பஸ்ஸில் போனால் கவனிக்காமலே தாண்டிவிடலாம். இந்தச் சின்ன ஊரில் 1923 செப்டம்பர் 16-ல் கி. ராஜநாராயணன் பிறக்கிறார், அடுத்த வாரம், செப்டம்பர் 23-ல், கு. அழகிரிசாமி பிறக்கிறார். இரண்டு வீட்டிலும் தெலுங்கு. இரண்டு பேரும் சேர்ந்து விளையாடி, சேர்ந்து படித்து, சங்கீதத்துக்காகச் சேர்ந்து அலைந்து, இரண்டு பேரும் தமிழில் எழுதினார்கள், இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதமி விருது வந்தது. அழகிரிசாமிக்கு 1970-க்கான விருது, வாங்க அவர் இல்லை, அந்த வருடம் ஜூலையில் 46 வயதில் போய்விட்டார். கி.ரா.வுக்கு 1991. சிநேகிதன் போன பிறகு கி.ரா. இன்னும் கிட்டத்தட்ட 51 வருடம் இருந்தார். நான் ஊர் முழுக்க நடக்கும்போது மனதில் ஓடிக்கொண்டிருந்தது இந்த 51 என்கிற எண்தான்.

பஸ்ஸில் வரும்போது இலக்கிய நோபல் பற்றிப் பேசினோம். நேற்று சாயங்காலம்தான் அறிவித்திருக்கிறார்கள், ஹங்கேரியின் லாஸ்லோ கிராஸ்னஹோர்காய். முற்றுப்புள்ளியே வைக்காமல் பக்கம் பக்கமாகப் போகிற ஆள். படித்திருக்கிறாயா என்று கேட்டாள், இல்லை. அவளும் இல்லை. "ஊருக்குப் போய் வாங்கி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிப்போம்" என்றாள். விடுதியில் அப்படித்தான் படிப்போம், ஒரு புத்தகம், பக்கம் அடையாளம் வைக்க இரண்டு அட்டை. பஸ் ஜன்னல் வழியாக வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது, எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

ஊருக்கு வெளியே காட்டில் இறங்கினோம் (இங்கே புன்செய் நிலத்தைக் காடு என்றுதான் சொல்கிறார்கள்). புரட்டாசி கடைசி, விதைப்பு நேரம், லேசாக மழை பெய்திருக்கிறது. கரிசல் மண்ணைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், ஆனால் ஈரக் கரிசலில் பத்து எட்டு வைத்ததும் செருப்பின் அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும் என்பதை நடந்துதான் தெரிந்துகொண்டேன். இருபதாவது எட்டில் காலைத் தூக்க முடியவில்லை. குச்சி எடுத்துச் சுரண்டினால் மெழுகு மாதிரி பாளம் பாளமாக வருகிறது, கறுப்பு என்றால் சாதாரணக் கறுப்பு இல்லை, ஈரத்தில் நீலம் ஓடுகிற கறுப்பு. இதே மண் கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் வெடித்துக் கிடக்குமாம்.

வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர். "எங்கருந்து வாறீக தாயி?" சொன்னோம். "கி.ரா. வீட்டுக்கா? வாரவுக எல்லாரும் அவர் எழுதுன மரம் எங்க, கெணறு எங்கன்னு கேக்காக." அவர் பேச்சு பூராவும் மக்காச்சோளம். பருத்தி போட்ட காடெல்லாம் இப்போது மக்காச்சோளம், 2018-ல் வந்த படைப்புழு இன்னும் போன பாடில்லை, அதற்குத் தப்பினால் காட்டுப்பன்றி. ஒரு குருத்தை விரித்துக் காட்டினார், இலையில் ஊசியால் குத்தினது போல வரிசையாக ஓட்டை, உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம். "ராத்திரி தின்னுட்டுப் பகல்ல உள்ள படுத்துக்கிரும்" என்றார், கோபமே இல்லாமல், தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. கி.ரா. கரிசல் வட்டாரத்துச் சொற்களுக்கு 1982-ல் தனியாக ஓர் அகராதியே கொண்டுவந்தார். இவரைப் போன்றவர்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டுத்தானே அது நிறைந்திருக்கும்.

சிநேகிதி அவரிடம் 2021 மே மாதத்தைப் பற்றிக் கேட்டாள். கி.ரா. புதுச்சேரியில் காலமானது மே 17. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம், உடலை இங்கே கொண்டுவந்து அரசு மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். "கூட்டம் சேரக்கூடாதுன்னுட்டாக. இல்லன்னா ரோடு கொள்ளாது" என்றார் பெரியவர். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாம் நாள், அக்டோபர் 11, சனி

எட்டயபுரம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே, பஸ்ஸில் அரை மணிக்குக் கொஞ்சம் கூட. பாரதி பிறந்த வீட்டுக்குள் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், யாரும் சொல்லாமலே. மணிமண்டபம் தனியாக இருக்கிறது. அது கல்கி முன்னின்று வாசகர்களிடம் பணம் திரட்டிக் கட்டியது, 1945-ல் அடிக்கல், 1947 அக்டோபரில் திறப்பு. பத்திரிகை படித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிய காசில் ஒரு கவிஞனுக்கு மண்டபம் எழும்பியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்திருந்தது. ஒரு பையன் இன்னொருவனிடம், "யானை மிதிச்சுத்தான் செத்தாரு" என்றான். சிநேகிதி ஆசிரியை, அவளால் சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள். திருவல்லிக்கேணி கோயில் யானை பாரதியைத் தள்ளியது 1921 ஜூனில், அவர் காலமானது செப்டம்பரில், வயிற்றுக்கடுப்பு வந்து. யானைக் காலடியிலிருந்து அவரைத் தூக்கி வந்தது குவளைக் கண்ணன் என்கிற அவருடைய சிநேகிதர். பையன் கேட்டான், "யானைக்குப் பக்கத்துல போக அவருக்குப் பயமா இல்லையா?" அவள் "பயந்துருப்பாரு, போயிருப்பாரு" என்றாள். அந்தப் பதிலை நான் அங்கேயே ஃபோனில் குறித்துக்கொண்டேன்.

உமறுப் புலவர் அடங்கியிருக்கும் இடத்துக்கும் போனோம். எட்டயபுரம் அவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தவர், பிறகு நபிகளின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடினார். முத்துசாமி தீட்சிதர் சமாதியும் இதே ஊரில்தான், 1835-ல் இங்கே காலமானார். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நடக்கிற தூரத்தில் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஃபோனில் தினமும் மதத்தைப் பற்றி எனக்கு வந்து விழுகிற செய்திகளை அங்கே நின்று நினைத்துப் பார்த்தேன், ஒரு குரூப்பிலிருந்து வெளியே வந்தேன், உறவுக்காரர்கள் இருக்கிற குரூப்தான், கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். ஒரு சின்னப் பட்டறையில் பார்க்க விட்டார்கள். வெல்லப்பாகு கொதிக்கும்போது அந்த அண்ணாச்சி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டின் மேல் போட்டார், மண்ணில் விழுந்த மாதிரி சத்தமே இல்லை. மறுபடி கிளறினார். மூன்றாவது தடவை "டங்" என்றது. அவ்வளவுதான், வறுத்துத் தோல் ஊதிய கடலையைக் கொட்டி, புரட்டி, பலகையில் சாய்த்து, கட்டையால் உருட்டி, சூடு ஆறும் முன் வெட்டு. இடையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் பதம் போய்விடும் என்று பிறகு சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை (இங்கே கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள்). விரல் நுனியெல்லாம் தோல் தடித்திருந்தது. 1 ரூபாய்ப் பெட்டி 14 வருடம் கழித்து 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. அந்த நிம்மதி வருவதற்குள் லைட்டர். 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், "ஆனா பெட்டிக்கடையில பாருங்க, தொங்கத்தான் செய்யுது" என்றார். தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, போனஸ் எப்போது என்று இன்னும் சொல்லவில்லையாம், பேச்சை முடிக்காமலே பஸ் ஏறிவிட்டார்.

ராத்திரி அறையில் அவள் பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தாள், அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள். விடுதியில் நாங்கள் படித்த அதே பிரதி, முதல் பக்கத்தில் என் கையெழுத்து. எப்போதோ அவளுக்குக் கொடுத்தது, மறந்தே போனேன். அதில் ஒருவர் எழுதியது மட்டும்தான் இருக்கும், பதில்கள் இருக்காது. கி.ரா. எதைக் கேட்டிருப்பார், எதற்கு இவர் இப்படிச் சொல்கிறார் என்று நாமே யோசித்துக்கொண்டு படிக்க வேண்டும். அழகிரிசாமி மலாயாவில் பத்திரிகை வேலைக்குப் போய் 1957 வரை இருந்தவர், பிறகு சென்னை. அந்தக் கடிதங்களையெல்லாம் கி.ரா. என்கிற ஒரு விவசாயி தன் வீட்டில், கறையானும் மழையும் உள்ள ஊரில், காப்பாற்றி வைத்திருந்து, எழுதியவர் போன பிறகு அச்சில் கொண்டுவந்திருக்கிறார். விளக்கை அணைத்த பிறகு அவளிடம் சொன்னேன், "நம்ம சாட்டை நான் அழிச்சிட்டேன்டி. எல்லாத்தையும்." "தெரியும்" என்றாள். தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், அக்டோபர் 12, ஞாயிறு

திருநெல்வேலி வந்து, திருச்செந்தூர் பாசஞ்சர். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம். வழியெல்லாம் வாழை.

சொல்கிறேன் என்றது இதைத்தான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியே இல்லை, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, ரயிலை ஸ்டேஷனில் பிடித்து நிறுத்தியதால் பிழைத்தார்கள். பக்கத்திலுள்ள புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது, கோயிலில் சோறாக்கி இவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவள் அம்மா தனியாக இருப்பது இந்த ஆற்றங்கரையில்தான். 18-ஆம் தேதி காலையில் எனக்கு எழுதினாள்: "அம்மா ஃபோன் எடுக்கல. டவரே இல்ல போல." அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் சென்னையில் மிக்ஜாம் புயல் மழை, எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர், எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. வானிலை எச்சரிக்கை சரியாக வந்ததா இல்லையா, யார் பொறுப்பு என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது, நானும் காலையிலிருந்து அதில்தான் இருந்தேன். அவள் வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நீளமான ஒரு அரசியல் கட்டுரையை அவளுக்கு அனுப்பி, "இதப் படி, அப்பத்தான் புரியும்" என்று எழுதினேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் படகில் வந்த ஒருவருடைய ஃபோனிலிருந்து அம்மா பேசிய பிறகு அவள் எனக்கு எழுதினாள்: "நீ படிச்சு முடிச்சிட்டியா?"

அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என் பக்க நியாயத்தை எழுதினேன், பத்து, இருபது, நாற்பது மெசேஜ். அவள் பதில் போடவில்லை. அந்த மௌனம் தாங்காமல் எல்லாவற்றையும் அழித்தேன், எண்ணையும்.

அம்மா வாசலிலேயே நின்றார். "வா பிள்ள. ஏன் இம்புட்டு நாளா இந்தப் பக்கம் வரல?" என்னிடம் பதில் இல்லை. சிநேகிதி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "அவளுக்கு வேலை ஜாஸ்திம்மா." அம்மா நம்பினார். சொதி வைத்திருந்தார், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். சாப்பாடு போட்டுக்கொண்டே தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். விடிவதற்கு முன்னால் கட்டிலுக்குக் கீழே சத்தம், விளக்கைப் போட்டால் கரண்ட் இல்லை, காலைக் கீழே வைத்தால் முழங்கால் வரை தண்ணீர். பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் கயிற்றைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் அந்த மாடியில் பதினேழு பேர், ஒரு அண்டா கஞ்சி. "தண்ணி போயிரும், சேறு போகாது பிள்ள. அரிசி, பத்திரம், போட்டோ எல்லாம் ஒண்ணாக் கொழகொழன்னு." சுவரில் அவர் தோள் உயரத்துக்கு இன்னும் ஒரு காவிக் கோடு இருக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் மேலே வந்துவிடுகிறதாம்.

சேற்றில் போன போட்டோக்களில் எங்கள் விடுதிப் படமும் ஒன்று என்று பஸ்ஸிலேயே அவள் சொல்லியிருந்தாள். என் ஃபோனில் அதன் நகல் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரின்ட் போட்டு வாங்கிவந்திருந்தேன். அம்மா அதை வாங்கி, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது யாரு, ஒல்லியா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். பிறகு அந்தக் காவிக் கோட்டுக்கு மேலே, எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து, ஆணி அடிக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். முழுசாக, இரண்டு வருடம் முன்பு கேட்டிருக்க வேண்டியதை. அவள் ரொம்ப நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எனக்கு அனுப்புன கட்டுரைய நான் படிச்சேன்ட்டி. அந்த ரெண்டு நாளும் வேற என்ன செய்யன்னு தெரியாம, அதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்" என்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாசஞ்சர் வந்தது.

நான்காம் நாள், அக்டோபர் 13, திங்கள்

இன்று சுற்றவில்லை. அம்மா அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை ஒழுகாமல் கட்டுவதற்கே அரை நாள். ராத்திரி திருநெல்வேலியிலிருந்து ரயில், இதை ரயிலில்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டி வந்தபோது இரண்டு பேரும் எழுந்து கதவருகே போனோம், பார்க்க ஒன்றும் இல்லை, இருட்டு, பிளாட்பாரத்தில் கடலைமிட்டாய் விற்பவர் குரல். அவள் செருப்பின் ஓரத்தில் இடைசெவல் கரிசல் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடட்டுமா என்றேன், இருக்கட்டும் என்றாள்.

மதுரையில் இறங்கிவிட்டாள். பொங்கலுக்கு அம்மா வீட்டில் சந்திக்கிறோம், அதற்குள் அந்த ஹங்கேரிக்காரரை வாங்க வேண்டும். ரயில் நகர்ந்து கொஞ்ச நேரத்தில் ஃபோனில் ஒரு ஃபைல் வந்தது. அவள் வைத்திருந்த எங்கள் சாட் முழுவதும், 2014-லிருந்து. கீழே ஒரு வரி: "எதையும் எடுக்கல, அப்படியே இருக்கு."

முதலில் நேராக 2023 டிசம்பருக்குப் போனேன். அவள் எழுதிய அந்தக் காலை வரி, அதன் கீழே நான் அனுப்பியது, நேரத்தோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான்கு நிமிடம். படித்தேன். பிறகு மேலே போய் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்: "ஏட்டி, புது ஃபோன் வாங்கிட்டேன், தமிழ்ல எப்படி அடிக்கன்னு சொல்லு." திண்டுக்கல் வந்துவிட்டது, கீழ் பெர்த்தில் இருந்தவர் இறங்கிப் போய்விட்டார், நான் இன்னும் 2016-ல்தான் இருக்கிறேன்.